டவுன் ஹாலும் கட்டியக்காரனும்

பேராண்டி, நீ அனுப்புன போட்டோ எல்லாம் வந்து சேந்துச்சு. டவுன் ஹால் வாசல்ல நின்னு ஒண்ணு, தூணுல சாஞ்சு ஒண்ணு, வானத்தப் பாத்து யோசிக்கிறாப்புல ஒண்ணு. எல்லாத்துலயும் நீதான் இருக்கே. கட்டடம் ஓரமா, உன்கிட்ட உத்தரவு கேட்டுகிட்டு எட்டிப் பாக்குது. 32 கோடிக்கு மேல போட்டு மாநகராட்சி அந்த மண்டபத்த மீட்டெடுத்தது உன் மூஞ்சிக்குப் பின்னால படுதா கட்டத்தான்னு எனக்கு இத்தினி நாள் தெரியாமப் போச்சுடா.

கோவிச்சுக்காத. உன் தாத்தன் ஒரு காலத்துல கூத்துல கட்டியக்காரன் வேஷம் கட்டுனவன். துரியோதன மகாராசா கிரீடத்த வச்சுகிட்டு நெஞ்ச நிமித்தி சபைக்கு வருவாரு. பக்கத்துல நின்னு, "ராசா, பின்னால வேட்டி அவுந்திருக்குது"ன்னு ஊருக்கே கேக்குறாப்புல சொல்றதுதான் நம்ம உத்தியோகம். வேஷத்தக் கலைச்சு வருஷமாச்சு, வாய் மட்டும் கலையல. உன் நாடகக் குழுவுக்கு நாலு வார்த்தை சொல்லணும். காதுல சொருகியிருக்குற அந்த வெள்ளைக் கொட்டைய எடுத்து வச்சுட்டுக் கேளு.

பொங்கலுக்கு வர்றப்பல்லாம் ஒரே பாட்டுதானே பாடுவே? "சென்னையில நாடகம் போட எடமே இல்ல தாத்தா." எடம் கெடைச்சா வாடகை கட்டுப்படியாவல, வாடகை கட்டுப்படியானா வெளக்கு எரியல, வெளக்கு எரிஞ்சா சனம் வந்து சேர வழியில்ல. நானும் பாவம் புள்ளைன்னு இன்னொரு கரண்டி பொங்கல் வப்பேன். இப்ப சென்ட்ரல் பக்கத்துல, ரிப்பன் மாளிகைய ஒட்டினாப்புல, நாடகத்துக்குன்னே பேர் போன மண்டபத்தப் பழுது பாத்துத் தொறந்துட்டாங்க. போயி தேதி கேட்டியான்னா, "செல்ஃபி எடுத்தேன் தாத்தா"ங்கற. பொண்ணு பாக்கப் போனவன் பஜ்ஜி நல்லாருந்துச்சுன்னு திரும்பி வந்தானாம்.

அந்த மண்டபம் யாரு வூட்டுச் சொத்துன்னு உனக்குத் தெரியுமா? 1880கள்ல பட்டணத்துப் பெரிய மனுஷங்க கூடி, ஊருக்குப் பொதுவா ஒரு மண்டபம் வேணும்னு பணம் வசூலிச்சாங்க. விஜயநகரம் மகாராசா 1883ல அடிக்கல்லு நாட்டுனாரு. பீப்பிள்ஸ் பார்க்குல 57 கிரவுண்டு எடம், கிரவுண்டுக்கு வருஷத்துக்கு எட்டணா, 99 வருஷத்துக்குக் குத்தகை. கூட்டிப் பாத்தா வருஷத்துக்கு 28 ரூபா சொச்சம். இன்னிக்கு அந்த ரோட்டுல ரெண்டு பேரு நின்னு டீ குடிச்சா அந்தக் காசு போயிடும். ராபர்ட் சிஷோம்னு ஒரு வெள்ளைக்காரர் படம் போட்டுக் குடுத்தாரு. சேப்பாக்கத்துல செனட் ஹவுஸ் இருக்குதே, அதுவும் அவரு கைவேலைதான். தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார் எழுப்பிக் குடுத்தாரு. கல்லு நம்மூருது, சுண்ணாம்பு நம்மூருது, கூலியாளு நம்மூரு ஆளு, பணம் நம்ம ராசாக்களும் தனவந்தருங்களும் குடுத்தது. பேரு யாருக்கு வச்சாங்க? அரியணை ஏறி 50 வருஷம் ஆன விக்டோரியா மகாராணிக்கு! அந்தம்மா இந்தியாவுக்கு ஒரு தடவை கூட வந்ததில்ல. கட்டியக்காரனா நான் அன்னிக்கு அங்க இருந்திருந்தா மேடையேறி ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.

சனங்க மட்டும் கெட்டிக்காரங்க. பத்திரத்துல விக்டோரியா பப்ளிக் ஹால், வாயில டவுன் ஹால்.

மேல ஒரு கூடம், கீழ ஒரு கூடம். கட்டுன காலத்துல ஒவ்வொண்ணுலயும் 600 பேர் உக்காரலாம்னு கணக்கு. மேல்கூடத்துல மரத்தால ஒரு மாடிவரிசை வேற. 1897 பிப்ரவரில விவேகானந்தர் அங்க பேசுனாரு. அப்புறம் கூட்டம் தாங்காம, கடைசிப் பேச்ச சர்க்கஸ் கூடாரத்துலதான் வைக்க வேண்டியதாப் போச்சு. பொது மண்டபத்த விட சர்க்கஸ் கொட்டாய்க்கு வயிறு பெருசு. இத நாடகம் போடுறவன் ஞாபகம் வச்சுக்கணும்.

இப்ப நம்ம கதைக்கு வர்றேன். பம்மல் சம்பந்த முதலியார்னு ஒருத்தர். படிச்ச குடும்பம். சின்ன வயசுல அவருக்குத் தமிழ் நாடகம்னாலே எளக்காரம். அவரே பின்னால நாடக மேடை நினைவுகள்னு எழுதுன புஸ்தகத்துல ஒளிக்காம சொல்லியிருக்காரு. 1891ல பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரின்னு ஒரு வக்கீல், தன்னோட சபையக் கூட்டியாந்து பட்டணத்துல தெலுங்கு நாடகம் போட்டாரு. "அட, வக்கீலு கூட வேஷம் கட்டலாம் போலிருக்கே!" பம்மலாருக்குப் பொறி தட்டிருச்சு. அதே வருஷம் ஜூலையில, பதினெட்டு வயசுப் பையன், கூட்டாளிங்களச் சேத்துகிட்டு சுகுண விலாச சபைய ஆரம்பிச்சுட்டான். எடம் இல்ல, காசு இல்ல, சனம் வராதுன்னு உன்ன மாதிரி மூக்கால அழுதுகிட்டு உக்காரல. 1893ல புஷ்பவல்லி, 1895ல மனோகரா. 90க்கும் மேல நாடகம் எழுதி, நடுவுல வக்கீலாகி, ஜட்ஜும் ஆயிட்டாரு. பகல்ல கோர்ட்டு, ராத்திரில அரிதாரம். நீ பகல்ல கம்ப்யூட்டரு, ராத்திரில "நாடகத்துக்கு எதிர்காலம் இருக்குதா"ன்னு வாட்ஸாப்புல சண்டை.

அந்தச் சபைக்கு டவுன் ஹால்தான் ரொம்ப வருஷம் குடித்தனம். 1930கள்லதான் மவுண்ட் ரோட்டுக்குப் போனாங்க. நடிச்சவங்க யாரு தெரியுமா? வக்கீலு, உத்தியோகஸ்தரு, அரசியல்காரரு. காங்கிரசுத் தீரர்னு பேரெடுத்த சத்தியமூர்த்தி கூட அந்தச் சபை மேடையில வேஷம் கட்டுனவருதான். பொம்பளை வேஷமும் ஆம்பளைதான். ரங்கவடிவேலுன்னு ஒரு வக்கீல், பம்மலாருக்கு நாயகியா வந்து நிப்பாராம். மொதநாள் கோர்ட்டுல கருப்புக் கோட்டு, மறுநாள் மேடையில பட்டுப்புடவை. கட்சிக்காரன் முன்வரிசையில உக்காந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாத்து நான் பல தடவை தனியா சிரிச்சிருக்கேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும், சொன்னா நீ என்ன ஜாதிச் சண்டை இழுக்கறேன்னு சொல்லக் கூடாது. அந்த மேடைக்குப் படிச்சவங்க வந்தாங்க, பண்ணையாருங்க வந்தாங்க, கோட்டு போட்டவங்க வந்தாங்க. சலங்கை கட்டுனவன் வந்ததா நான் கேள்விப்பட்டதில்ல. விடிய விடியக் கூத்தாடுறவன நாடகக்காரன்னே அந்தக் காலத்துப் படிச்சவங்க கணக்குல சேக்கல. கூத்துங்கறது அவங்களுக்குக் குடியானவன் தூங்காம இருக்கக் கண்டுபிடிச்ச வித்தை. சென்ட்ரலுக்கு அந்தப் பக்கம் வால்டாக்ஸ் ரோட்டுல ஒத்தவாடைக் கொட்டாய்னு ஒண்ணு இருந்துச்சு. சாதாரண சனங்க டிக்கெட் வாங்கி கம்பெனி நாடகம் பாத்தது அங்கதான். இன்னிக்கு அந்தக் கொட்டாயும் இல்ல. கல்லுக்கட்டடம் நின்னுச்சு, கொட்டாய் போயிடுச்சு. எப்பவும் அப்படித்தான்.

1896ல இன்னொரு கூத்து நடந்துச்சு அந்த மண்டபத்துல. ஸ்டீவன்சன்னு ஒரு போட்டோக் கடைக்காரர் வெள்ளைச் சீலையத் தொங்கவிட்டு அசையுற படம் காட்டுனாரு. மெட்ராசுல மொத சினிமா அதுதான்னு சொல்றாங்க. நாடகத்துக்கு எமன் வேற எங்கயும் போயி பொறக்கல, அதே கூடத்துலதான் பொறந்தான். பம்மலார் அதுக்கப்புறமும் நாடகம் போட்டுகிட்டுதான் இருந்தாரு. நீ ஓடிடின்னு ஒரு பேரச் சொல்லிப் பயப்படுறியே, அதுக்குத்தான் சொல்றேன்.

பக்கத்துலயே மூர் மார்க்கெட்டு. எங்கப்பன் எனக்குக் கண்ணாடி போட்ட பயாஸ்கோப்புப் பொட்டி வாங்கிக் குடுத்தது அங்கதான். 1985ல எரிஞ்சு போச்சு. அதே 85லதான் டவுன் ஹாலோட 99 வருஷக் குத்தகையும் முடிஞ்சுது. ஒண்ணு தீயில போச்சு, ஒண்ணு கோர்ட்டுக்குப் போச்சு. தீ ஒரு ராத்திரில அணைஞ்சுடும், வழக்கு அணையாது. வருஷக்கணக்கா இழுத்துச்சு. மண்டபத்துக்கு முன்னால ஓட்டலும் கடையும் மறைச்சுகிட்டு நிக்க, ஒரு தலைமுறைக்கே அது சாம்பார் வாசத்துக்குப் பின்னால தெரிஞ்ச செவப்புச் செவுரு. அப்புறம் அடியில மெட்ரோ தோண்டுனாங்க. அத்தனையும் தாண்டி நின்னுச்சு பாரு, அந்தச் செட்டியாரு வாங்குன கூலி செல்லும்டா.

ஏன் நின்னுச்சுன்னு கேளு. இது உன் கம்ப்யூட்டருல வராது. சுண்ணாம்பு. பழைய செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு. மழைத்தண்ணிய செவுரு குடிக்கும், வெயில் வந்தா சுண்ணாம்பு வழியா மூச்சா விட்டுடும். அந்தச் செவுத்து மேல ஒரு புத்திசாலி சிமென்ட்டப் பூசுனா மூச்சு அடைச்சுடும். ஈரம் உள்ளயே தங்கும், உப்புப் பூக்கும், செங்கல்லு விரல் பட்டாலே மாவா உதிரும். நம்ம ஊரு மாரியாத்தா கோயிலு மதிலுக்கு ஒரு தர்மகர்த்தா சிமென்ட்டுப் பூசிப் புண்ணியம் தேடிகிட்டாரே, ஞாபகம் இருக்குதா? மூணாவது மழைக்குப் புண்ணியம் பொரி பொரியா உதிர்ந்துச்சு. அதனாலதான் பழைய கட்டடத்தப் பழுது பாக்குறவன் சுண்ணாம்பத் தேடி அலையுறான். சுண்ணாம்ப நீத்து ஊறப் போட்டு, மணல் சேத்து அரைச்சு, கடுக்காய் ஊறுன தண்ணியும் வெல்லமும் கலந்து, கைக்கு வெண்ணெய் பதம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அவசரப்பட்டா வெடிக்கும். கொத்தனாருக்குப் பொறுமை இருக்கணும். அதவிடப் பில்லு போடுற அதிகாரிக்குப் பொறுமை இருக்கணும். ரெண்டாவது ரகம் ஆளு கெடைக்கிறதுதான் கஷ்டம்.

சரி, கட்டடம் பொழைச்சுடுச்சு. இனிமேதான் ஆபத்து.

நம்ம சனங்களுக்கு ஒரு மண்டபம் கெடைச்சா மொத வேலையா இன்னா செய்வாங்க? பொன்னாடை. ஒரு தலைவருக்கு ஒருத்தர் பொன்னாடை போத்துவாரு, அந்த ஒருத்தருக்கு இன்னொருத்தர் போத்துவாரு, போத்துனவங்களுக்கெல்லாம் நன்றி சொல்ல ஒருத்தர் மைக்கப் புடிப்பாரு, அவர விட்டுட்டோமேன்னு அவருக்கும் ஒண்ணு. மூணு மணி நேரம் ஆனா மேடையில ஜவுளிக்கடை, கீழ இருக்குற நாற்காலியில காத்து. 130 வருஷத்துக்கு மேல மழை தாங்குன செவுரு, ஒரு வருஷம் பாராட்டு விழா தாங்குமான்னு எனக்குச் சந்தேகம்.

அதுக்கு அடுத்த ஆபத்து, பூட்டு. "பாரம்பரியக் கட்டடம், தொடாதே, நடக்காதே, சத்தம் போடாதே"ன்னு பலகை மாட்டி, கயிறு கட்டி, ஒரு காவலாளிய ஸ்டூல் போட்டு உக்கார வச்சுடுவாங்க. அவரு கோடி ரூபாக் கட்டடத்துக்குக் காவல், அவரு உக்கார்ற ஸ்டூலுக்கு மூணு காலு. ஆளு நடமாடாத வூட்டுலதான் கரையான் புத்து வைக்கும். ஆடுனா பலகை தேயும், நான் இல்லேங்கல. தேஞ்சா மாத்திக்கலாம்டா, அதுக்குத்தானே தச்சன் இருக்கான்.

அப்புறம் வாடகை. இந்த எடத்துல நான் கட்டியக்காரன் குரல விட்டுட்டு நெசமாவே சொல்றேன். கார்ப்பரேஷன் மண்டபத்துக்குக் கல்யாண மண்டப வாடகை போட்டா கல்யாணக்காரன்தான் வருவான். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு ஒரு வாடகை, உன்ன மாதிரி பைசா இல்லாத கலைஞருங்களுக்கு ஒரு வாடகை, கம்பெனிக்காரன் கூட்டம் போட்டா அவனுக்கு ஒரு வாடகைன்னு மூணு படி வைக்கணும். மூணாவதுல வாங்கி மொதல்ல ஈடு கட்டணும். எட்டணாவுக்கு நெலம் குடுத்துத் தொடங்குன எடம் அது. அந்தப் பழக்கத்துல கொஞ்சமாவது மிச்சம் இருக்கட்டும். வேஷம் போடுற ரூமுக்குக் கண்ணாடியும், பொம்பளைங்களுக்குத் தாப்பாள் விழுற கக்கூசும் இருக்குதான்னு போட்டோ எடுக்கறப்ப பாத்தியா? பாத்திருக்க மாட்டே. நாடகக்காரன் மொதல்ல பாக்க வேண்டியது அதுதான், தூணுல இருக்குற பூவேலை அப்புறம்.

இப்ப உன் பங்கு. உன் நாடகத்த நான் போன வருஷம் பாத்தேன். மேடையில ஆறு பேரு கருப்பு பனியன் போட்டுகிட்டு நடந்தாங்க, நின்னாங்க, தரையில படுத்தாங்க. நடுவுல ஒரு நாற்காலி. கடைசி வரைக்கும் அதுல யாரும் உக்காரல. முடிஞ்சதும் "எப்படி தாத்தா?"ன்னு கேட்டே. நாற்காலி நல்லா நடிச்சுதுன்னு சொன்னேன், நீ மூணு நாள் பேசல. நீ அதையே போடு, நான் வேணாங்கல. ஆனா அந்த மண்டபத்துக்குக் கூட்டம் வரணும்னா தனியாப் போகாத. புரிசையில கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை கூத்துக்காரங்க இருக்காங்க, எழுத்தாளர் ந.முத்துசாமி 1977ல கூத்துப்பட்டறை ஆரம்பிச்சப்ப தேடிப் போயி கத்துகிட்டது அவங்ககிட்டதான். அவங்க கூத்து கடல் தாண்டியெல்லாம் போயாச்சு. சென்ட்ரல் ஸ்டேஷன் தாண்டி அந்தப் படி ஏறுறது இன்னா பெரிய தூரம்?

கூத்துக்காரன் வேஷம் கட்டுறத நீ கிட்ட உக்காந்து பாத்ததில்ல. சாயங்காலம் ஏழு மணிக்கே சுவத்துல சாச்சு வச்ச கண்ணாடித் துண்டு முன்னால குந்திடுவான். அரிதாரத்தத் தேங்காயெண்ணெயில கொழைச்சு மூஞ்சி முழுக்க அப்பி, தென்னங்குச்சியால கண்ணுக்கு மேல கருப்புக் கோடு, மூக்கு மேல வெள்ளைப் புள்ளி. அப்புறம் புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கிரீடம். எல்லாம் லேசான மரத்துல செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டுனது. இடுப்புல துணியச் சுத்திச் சுத்தி ஒரு வண்டிப்பாரம். இத்தனையும் சுமந்துகிட்டு எம்பிக் குதிச்சு, மைக்கு இல்லாம, கடைசி வரிசைக் கெழவிக்கும் கேக்குறாப்புல பாடுவான். முகவீணை, மத்தளம், தாளம், பெட்டி, போதும். மைக்கே இல்லாத காலத்துல கட்டுன கூடத்துக்கும் மைக்கே தேவைப்படாத தொண்டைக்கும் இன்னும் அறிமுகம் ஆவல. அந்தச் சம்பந்தத்த நீதான் பேசி முடிக்கணும்.

பயந்து பயந்து ஒரு மணி நேரத்துக்கு மட்டும் போடாத. விடிய விடியப் போடு. உன் கூட்டாளிங்க, "சிட்டி ஆடியன்ஸ் உக்கார மாட்டாங்க தாத்தா"ம்பாங்க. அதுக்கும் ஒரு வழி வச்சிருக்கேன். டவுன் ஹாலுக்குப் பக்கத்துலயே மெட்ரோ இருக்குதில்ல? ராத்திரி 11 மணியோட வண்டி நின்னுடும், திரும்ப விடியக்காலையிலதான் ஓடும். கூத்த 10 மணிக்கு ஆரம்பி. கட்டியக்காரன உட்டு ஒரு மணி நேரம் சிரிக்க வை. சிரிச்சு முடிச்சு மணியப் பாக்குறவனுக்குக் கடைசி வண்டி போயிருக்கும். அதுக்கப்புறம் திரௌபதி சபதம் முடியுற வரைக்கும் ஒருத்தனும் அசைய முடியாது. காரு வச்சிருக்குறவன் மட்டும் தப்பிச்சுடுவான். அவனுக்கும் அந்தப் பக்கம் வண்டி நிறுத்த எடம் கெடைக்காது, அதனால அவனும் மெட்ரோவுலதான் வந்திருப்பான்.

பெரியமேடு, சூளை, புளியந்தோப்புன்னு சுத்துவட்டாரத்துல கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் எத்தனை இருக்கு! அந்தப் புள்ளைங்க தினம் அந்த வாசல் வழியாத்தான் போகுது, உள்ள போனதில்ல. உன் நாடகத்துல நடக்குறதுக்கும் நிக்கிறதுக்கும் ஆறு பேரு வச்சிருக்கியே, அதுல மூணு பேர அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. வருஷத்துக்கு ஒரு நாடகம் அந்தப் புள்ளைங்க போடட்டும். ஒரு புள்ளை மேடையேறுனா பின்னால பத்து சொந்தம் வரும். இந்தக் கணக்கு கம்பெனிக்காரங்களுக்குத் தெரியும், கூத்துக்காரங்களுக்குத் தெரியும், கல்யாண ப்ரோக்கருக்குக் கூடத் தெரியும்.

போட்டோவெல்லாம் போதும். திங்கக்கிழமை லீவு போட்டுட்டு ரிப்பன் மாளிகைக்குப் போ. பக்கத்து வாசல்தான், நடந்தே போவலாம். மண்டபத்துக்கு யாருகிட்ட எழுதணும், வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்குச் சலுகை உண்டான்னு கேளு. "நாளைக்கு வா"ம்பாங்க, நாளைக்கும் போ. சித்திரைக்குள்ள ஒரு சனிக்கிழமை எடுத்துட்டு எனக்குப் போன் போடு. இங்கேருந்து கூத்து ஜமாவ நான் அனுப்பி வைக்கிறேன். வேனு வாடகையும் பதினோரு பேருக்கு ராச்சோறும் உன் பொறுப்பு. கட்டியக்காரன் வேஷத்துக்கு ஆளு தேட வேணாம்.